மலையாளத்தில் பேசிய 108

போடிமெட்டுப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். போன வருடம் அங்கே பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்த என் மச்சினன் செல்வம், வாயில் நுரை தள்ள விழுந்துவிட்டான்.

சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடி 108-ஐ அழுத்தினேன். அந்த இடத்தில் போன் கேரள டவரைத்தான் பிடிக்கும். பதற்றத்தில் அது மறந்துபோனது. ஒரு பெண் மலையாளத்தில் பேசவும், "ராங் நம்பரும்மா, மன்னிச்சுக்க" என்று வெட்டினேன். மறுபடி அடித்தேன், மறுபடியும் மலையாளம். மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அப்படியொரு மரியாதைக்காரன் நான்!

பின்னால் ஓடிவந்த என் மனைவி கத்தினாள்: "யோவ், அதுதான்யா ஆம்புலன்சு! எந்தம்பி சாகக் கெடக்கான், எடத்தை வெரசா சொல்லு!"

மூன்றாம் முறை அடித்து, இடத்தைச் சொன்னேன். "ஜீப்பில போடிமெட்டுக்குக் கொண்டு வா சேட்டா, வண்டி எதிரே வரும்" என்றாள் அந்தப் பெண், தமிழில். செல்வம் பிழைத்தான்.

இப்போது ஆட்கள் மருந்தடிக்க இறங்குமுன் முகமூடி, கையுறையைப் பார்த்துவிட்டு, "எந்தப் பாஷையில பேசினாலும் போனை வெட்டாதீங்கப்பா, எடத்தைச் சொல்லுங்க" என்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், செல்வமும்தான். நானும் சிரித்து வைக்கிறேன். ஆனால் போனை வெட்டியதும் அந்தப் பாறையில் கவிந்த அமைதி, இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.