ஆப்பிள் கிடங்கில் ஒரு தூளி

காந்தி மார்க்கெட்டில் நான் கணக்குப் பார்க்கும் பழமண்டியின் குளிர்க் கிடங்கில், ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவே, இரண்டு இரும்புத் தூண்களில் கட்டிய தூளியில் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், அசையாமல் படுத்திருந்த காட்சி இன்றும் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முதலாளி எட்டிப் பார்த்திருந்தால் அத்தானுக்கு என்ன, வேலை போயிருப்பது எனக்கு.

எல்லாம் அக்காவின் ஆசையில் தொடங்கியது. பச்சைமலையில் ஒரு மார்கழி ராத்திரி, கூரை இல்லாமல், வானத்தைப் பார்த்தபடி தூங்க வேண்டும். அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனபின் அவளால் தரையில் படுக்க முடியாது. மரத்துக்கு மரம் கட்டிய தூளியில் படுத்தால் வலிப்பதில்லை. ஆனால் மலைக் குளிர் பட்டால் முதுகு பிடித்துக்கொள்ளும். தோதான போர்வை கடையில் கிடைக்கிறது, வாங்குங்கள் என்றேன். "காசு குடுத்து வாங்கினா அதுல நம்ம கை எங்க மாப்ள இருக்கு?" என்றார் அத்தான். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. அந்தப் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

குடைத் துணியை வெட்டி, கட்டம் கட்டமாகத் தைத்து, இலவம்பஞ்சு அடைத்து, மேலுக்கு ஒன்றும் அடிக்கு ஒன்றுமாக இரண்டு போர்வைகள் செய்தார். சோதிக்கத் திருச்சியில் குளிருக்கு எங்கே போவது? ஸ்ரீரங்கத்தில் என் வீட்டில் மார்கழியிலும் ஃபேன் ஓடுகிறது. அதனால்தான் கிடங்கு. முதல் தடவை அடிப் போர்வையைத் தூளிக்குள் விரித்து அதன்மேல் படுத்தார். உடம்பின் கனத்தில் பஞ்சு அப்பளமாய் நசுங்க, முதுகு விறைத்து எழுந்தார். மறு வருஷம் அதையே தூளிக்கு வெளியே, அடிப்பக்கம் தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டார். பஞ்சு நசுங்கவில்லை, கதகதப்பு நின்றது. சரி, கிளம்பலாம் என்றால், "ஒரே ஒரு டெஸ்ட்" என்றார். தையல் வழியே காற்று வருகிறதாம். பிரித்தார். திரும்பத் தைப்பதற்குள் மாசி வந்து வெயில் கொளுத்தியது. "அடுத்த மார்கழிக்குப் பாத்துக்கலாம்." அந்த மார்கழியும் போயிற்று. அக்கா அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவும் கிடங்குக்கு வந்தாள். அத்தான் தூளியைக் கட்டி முடித்ததும், "நகருங்க" என்று சொல்லி அவளே ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் குறட்டை. ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் அவள் தூங்கி நான் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் பல் தந்தியடிக்க நின்றோம்.

கண் விழித்தவளிடம், "எந்தப் பக்கம் குளிர்ந்துச்சு? கீழயா, ஓரத்துலயா?" என்றார் அத்தான்.

"எனக்கென்ன தெரியும், தூங்கிட்டேன்."

"அப்படின்னா ஓரத்துல மட்டும் இன்னொரு தையல்..."

அக்கா இறங்கினாள். போர்வைகளை அவிழ்த்து மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "தம்பி, மலைக்கு நாளைக்கு முத பஸ் எப்ப? நமக்கு ரெண்டு டிக்கெட். உங்க அத்தான் ஓரத்தைத் தைச்சுட்டு மெதுவா வரட்டும்."

"மாப்ள, நீயாவது சொல்லு" என்றார் அத்தான்.

சொன்னேன். முதல் பஸ் விடிவதற்குள் கிளம்பிவிடும் என்று அக்காவிடம் சொன்னேன்.