ஜெராக்ஸ் அக்கா படித்த ஒன்பதாம் பக்கம்

எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. பிரதி எடுக்க வருகிற தாளைப் படிக்கவே மாட்டாள். விவாகரத்து மனுவோ, ரத்தப் பரிசோதனையோ, வேலையிலிருந்து தூக்கிய உத்தரவோ, எதுவானாலும் கண்ணாடி மேல் கவிழ்த்துப் போடுவாள். ஓரம் நேராக விழுந்ததா, எழுத்து மங்கியதா என்று பார்ப்பதோடு சரி. "ஊரார் கடுதாசியைப் படிக்கிறவ கடை வைக்கக் கூடாது டீச்சர்" என்பாள். அதனாலேயே ஊரில் பாதிப் பேருடைய ரகசியம் அவள் கை வழியாகப் போய்வந்தது.

நான் அடுத்த தெருவில், படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கான பயிற்சி மையத்தில் வேலை செய்கிறேன். பெற்றோருக்காக நாங்கள் எழுதிய கையேடு ஒன்று உண்டு. மொத்தம் இருபத்து நாலு பக்கம். பிள்ளையிடம் என்னென்ன கவனிக்க வேண்டும், வீட்டில் எப்படிப் பழக்க வேண்டும், எங்கே சோதித்துப் பார்க்கலாம், பள்ளிக்கு எப்படிக் கடிதம் எழுதலாம், எல்லாம் அதில் இருக்கும். ஐந்து வருடமாக வருடத்துக்கு இருநூறு பிரதி அக்கா கடையில்தான் போடுகிறேன். அடுக்கிப் பின் அடித்துக் கொடுப்பது அவளுடைய பதினோரு வயது மகள்.

அன்று மதியம் போனபோது மகள் உள்ளே தரையில் உட்கார்ந்து பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடம் இல்லையா?" என்றேன்.

"காலையில வழக்கம்போல வயித்து வலி" என்றாள் அக்கா எரிச்சலோடு. "இன்னியோட அந்த வலி தீந்துடும், விடுங்க."

மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், டிசி கொடுங்கள் என்று அவள் கணவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அக்காவும் கையெழுத்துப் போட்டு நாலு மணிக்குள் பள்ளி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மூணு டியூஷன் மாற்றியும் படிப்பு ஏறவில்லை, இனி வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளியே சொல்லிவிட்டதாம். "அடியாத மாடு படியாதுன்னு இவரு சொல்வாரு. நானும் அடிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் நடக்கல." இதைச் சொல்லிக்கொண்டே எனக்கு நூற்றுப் பன்னிரண்டாவது பிரதியை எடுத்தாள். நானும் "அடடா" என்று தலையாட்டினேன். மற்றவர் வீட்டு விஷயத்தில் நுழையக் கூடாது என்று எனக்கும் ஒரு கொள்கை இருந்தது, இருந்து என்ன.

மிஷின் தாளைக் கடித்துக்கொண்டது. அக்கா பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கசங்கிய தாளைப் பதமாக உருவி எடுத்தாள். எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் திரும்பப் போட முடியும். நீவிவிட்டுப் பார்த்தாள், ஒன்பதாம் பக்கம். அப்படியே நின்றாள்.

"டீச்சர், இது யாரோட ரிப்போர்ட்டு?"

"யாரோடதும் இல்லக்கா. பொதுவா எழுதினது."

"பொய் சொல்லாதீங்க. எங்க வீட்டுக்கு எப்ப வந்தீங்க?"

சத்தமாகப் படித்தாள். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்லும், எழுதச் சொன்னால் தவிக்கும். பலகையைப் பார்த்து எழுதும்போது வரி தவறும். பள்ளி நாள் காலையில் வயிற்று வலி என்று அழும். அடுத்ததை உதட்டுக்குள்ளேயே படித்தாள். எனக்கு அது மனப்பாடம். இது சோம்பேறித்தனமோ திமிரோ அல்ல, அடித்தால் தீராது.

பேயறைந்த மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வருடமாக அந்தப் பெண் என் கண்ணெதிரே பின் அடித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கத்திலும் எழுத்தைப் பார்க்க மாட்டாள், மூலையில் உள்ள படத்தைப் பார்த்தே அடுக்குவாள். கெட்டிக்காரி என்று நான் மெச்சியிருக்கிறேன். இதே வேலைக்குப் படித்த எனக்கு அது உறைக்கவில்லை!

"அஞ்சு வருசம், ஆயிரம் புக்கு" என்றாள் அக்கா. "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன். இதை யாருக்குக் குடுப்பீங்க?"

"மையத்துக்கு வந்து கேக்கிறவங்களுக்கு."

"தெரியாதவ எப்படி டீச்சர் வந்து கேப்பா?"

எனக்கு வெட்கமாக இருந்தது.

மணி மூன்று இருபது. பதினாறாம் பக்கத்தில் மாதிரிக் கடிதம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். என் பிள்ளைக்குப் படிப்பதில் உள்ள சிரமத்தைச் சோதித்துப் பாருங்கள், அது முடியும்வரை பெயரை எடுக்காதீர்கள் என்று பள்ளியைக் கேட்கும் கடிதம். எத்தனையோ ஆயிரம் தாள் எடுத்தவள், தனக்கென்று ஒரு பிரதி எடுத்தாள். நான் நிரப்பித் தருகிறேன் என்றேன், விடவில்லை. தன் கையாலேயே மகள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கணவரின் கடிதத்தை நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள். "சாயங்காலம் அவரு குதிப்பாரு. குதிக்கட்டும். அவருக்கும் ஒம்போதாம் பக்கத்தைப் படிச்சுக் காட்டறேன்."

பிறகு உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டாள். அவள் எழுந்து வந்து, "கையெழுத்துப் போட்டுட்டியாம்மா?" என்று கேட்டாள். அக்கா அவள் தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

பெண் கண்ணை இறுக மூடித் தோளைச் சுருக்கிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அக்கா அந்தக் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தாள். மெதுவாக இறக்கினாள்.

"அடிக்க இல்லடி" என்றாள். "இந்தா, இதை நீ பிடிச்சுக்கோ. பள்ளிக்கூடம் வரைக்கும் போகணும்."

கடிதத்தை வாங்கிக்கொண்டு பெண் முன்னால் நடந்தாள். அக்கா கடையைக்கூடப் பூட்டவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மகளுக்குப் பின்னால் போனாள்.