முந்திச் சொன்ன சாட்சி

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுத்தான் ரோசம்மாள் கம்பெனி வேனில் காலை வைப்பாள். வேன் நேரத்துக்கு வந்ததற்கு ஒன்று, சன்னலோரம் இடம் கிடைத்ததற்கு ஒன்று. வழியில் பஞ்சர் ஆனால் அதற்கும் ஒன்று உண்டு. "பஞ்சருக்கு இன்னாத்துக்குக்கா ஸ்தோத்திரம்?" என்று டிரைவர் துளசிராமன் கேட்டால், "கவுந்து போவலியே நைனா!" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர் கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் வேலை. மெஷினிலிருந்து விழும் மூடிகளின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பிசிறைச் சின்ன பிளேடால் சீவ வேண்டும், எட்டு மணி நேரமும் நின்றபடியே. வலது கட்டைவிரலில் எந்நாளும் ஒரு பிளாஸ்திரி. ஒரு டிரே நிரம்பினால் உதடு ஒருமுறை அசையும். சூபர்வைசர் பரணிதரன், பெண்கள் வாயைத் திறந்தாலே முறைக்கிற ஆசாமி, ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றான். "யார்கிட்டக்கா பேசிக்கினு கீறே?"

"உம் பொண்ணுக்கு ஜொரம்னியே, விட்டுச்சா?"

"விட்டுடுச்சிக்கா."

"அதுக்குத்தான் சொல்லிக்கினு கீறேன். போ, போய் வேலையப் பாரு."

அவன் அடுத்த மெஷின் பக்கம் போய்விட்டான்.

இத்தனைக்கும் அவள் வீட்டு நிலைமையைப் பார்த்தால் நமக்கு வாய் அடைத்துப் போகும். புருஷன் வரதன் லோடு மேன். பதினாலு மாதத்துக்கு முன்பு லாரியிலிருந்து இறக்கும்போது கம்பிக்கட்டு சரிந்து முதுகில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும்; முதல் சில மாதங்களில் ஆகியும் இருந்தது. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு எல்லம்மா வந்து புரட்டிவிடுவாள். காலையில் மூத்திரப்பை மாற்றி, உடம்பு துடைத்து, உணர்ச்சியற்ற கால்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் ரோசம்மாள் வேனுக்கு ஓடுவாள். தேய்க்கும்போது ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக ஜெபம். அடேயப்பா, சுண்டுவிரலுக்குக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள்!

வரதன் சபை வாசலை மிதித்ததே இல்லை. "ஆடிக் கூழுக்கும் நான்தான் மொத ஆளு, கிறிஸ்மஸ் பிரியாணிக்கும் நான்தான் மொத ஆளு" என்று சிரித்துக்கொண்டு திரிந்தவன். இப்போது சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். யாராவது வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். இலவச முகாமில் கொடுத்த சக்கர நாற்காலியில் துவைத்த துணிதான் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு நாள், "என்ன எதுக்கு இன்னும் வச்சிக்கினு கீறே ரோசா?" என்று கேட்டுவிட்டான். கால் போனதைத் தாங்கிக்கொண்ட ரோசம்மாள் அந்தக் கேள்வியில் ஆடிப்போனாள். ஆள் கைவிட்டுப் போய்விடுவானோ என்ற பயம் அன்றைக்குப் பிடித்ததுதான்.

அந்தப் பயத்தில்தான் அப்படி ஒரு காரியம் செய்தாள்.

அவளுடைய சபை ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வரும். ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். நன்மை கிடைத்தபிறகு சொல்வதுதான் வழக்கம். அப்படி ஒரு ஞாயிறு ரோசம்மாள் எழுந்து நின்று, "எங்க ஊட்டுக்காரரு நேத்து எழுந்து நாலடி நடந்தாரு" என்று சொல்லிவிட்டாள். கொட்டகையே அதிர்ந்தது. பாதிப் பேர் அழுதார்கள். எல்லம்மாவிடம் பிறகு அவளே சொன்ன கணக்கு இது: "மின்னாடியே நன்றி சொல்லிட்டா, அத்தினி பேர் எதிர்ல ஆண்டவரு என்ன உட்டுக்குடுக்க மாட்டாருன்னு நெனச்சேன்."

ஆண்டவர் என்ன நினைத்தாரோ, சபையார் சும்மா இருக்கவில்லை. அன்று மத்தியானமே பாஸ்டரம்மா கிரேஸ் தலைமையில் பதினாலு பேர், ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். ரோசம்மாள் மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். "எழுந்து வாங்க பிரதர், நடக்கிறதப் பாக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். வரதன் போர்வையை இழுத்து மூத்திரப்பையை மறைத்துக்கொண்டான். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அவள் திரும்பி வந்ததும் அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்ன வச்சி பொய் சாட்சி சொன்னியா ரோசா?"

அந்த வாரம் முழுக்க அவன் கஞ்சியைத் தவிர எதையும் தொடவில்லை. கம்பெனியில் டிரே நிரம்பியும் அவள் உதடு அசையவில்லை. பரணிதரனே பதறிப்போய், "இன்னாக்கா, உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் அவன் காலடியில் உட்கார்ந்து சொன்னாள். "நாளைக்கு எழுந்து நெசத்த சொல்லிடப் போறேன்."

"எல்லாம் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். ஆண்டவர் பேர்ல பொய் சொன்னவதானே நானு."

வரதன் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். பிறகு, "தனியாவா போய் நிக்கப்போற?" என்றான். "அந்தத் துணியெல்லாம் எடு. என்னையும் தள்ளிக்கினு போ."

பதினாலு மாதம் கழித்து அவன் வெயிலைப் பார்த்தான். எல்லம்மாவும் சேர்ந்து தள்ளினாள். கொட்டகைக்குள் ஆண்கள் பக்கமும் நுழையாமல் பெண்கள் பக்கமும் நுழையாமல் நாற்காலி நடுவிலேயே நின்றுவிட்டது. சாட்சி நேரத்தில் ரோசம்மாள் மைக்கை வாங்கிக்கொண்டு புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவரு நடக்கல. நான் பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க..."

அதற்குமேல் வரவில்லை. மைக் பல்லில் இடித்தது, ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை. வரதன் எக்கி அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினான். அவன் பேசப்போகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் அதை அவள் வாய்க்கு நேராக உயர்த்திப் பிடித்தான்.

"முதுகுப் புண்ணு ஆறிடுச்சி" என்றாள் ரோசம்மாள். "அதுக்கு நான் சாட்சியே சொல்லல. கை ரெண்டும் நல்லா கீது. ஆண்டவரு எல்லம்மாவக் குடுத்தாரு. நேத்து எங்க ஊட்டுக்காரரே வாயத் தொறந்து கூட்டிக்கினு போன்னாரு..."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் வரதன் தூக்கிய கையை இறக்கவே இல்லை.