அருளின் ஆல்பமும் திருச்சுழி பஸ்ஸும்

டீசல் வாடை, வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் சூடு, தலைக்கு மேல் கரகரக்கும் ஸ்பீக்கர்... அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் திருச்சுழி பஸ் கிளம்புவதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேரம்தான், மியூசிக் என்றால் எனக்கு இன்னமும் ஞாபகத்துக்கு வருவது.

அப்போது திருச்சுழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். தினமும் அதே பஸ். டிரைவர் அண்ணனிடம் ஒரு நல்ல பழக்கம். யார் பென்டிரைவ் கொடுத்தாலும் போடுவார். ஆனால் பஸ்ஸில் நாலு பேர் முகம் சுளித்தால் போச்சு, பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார். சிபாரிசெல்லாம் செல்லாது.

என் கூட்டாளி அருள், பந்தல்குடிக்காரன். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். வீட்டு ரூமில் போர்வையைத் தொங்கவிட்டு, தனியாளாக ஒரு ஆல்பம் பண்ணியிருந்தான். சினிமா கிடையாது, கம்பெனி கிடையாது. அவன் அப்பாவோ ஹார்டுவேர் கடையில் வந்து உட்காரச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுல போட்டுப் பாப்போம்லே. நம்ம சனத்துக்கே ஏறலைன்னா நான் கடைக்கே போயிர்றேன்" என்றான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதல் பாட்டு மழையில் ஆரம்பிக்கும். மொட்டைமாடியில் குடை பிடித்து நின்று, அவனே பதிவு செய்த நிஜ மழை. ஆல்பத்திலேயே அவனுக்கு உசுரு அந்த இடம்தான்.

அது ஐப்பசி மாசம். வானம் மூடுவதும் கலைவதுமாக ஏய்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்தவர்கள். எங்களுக்கும் தெரியும். பாட்டுக்கும் அதுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அருளும் என்னோடு ஏறினான். இன்ஜின் இன்னும் போடவில்லை. டிரைவர் அண்ணன் பென்டிரைவைச் செருகினார். சடசடவென்று மழை...

முன் சீட்டு அக்கா அவசரமாக ஷட்டரை இறக்கினார். பின்னால் ஒரு பெரியவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். அப்புறம் இன்னொரு கை. அப்புறம் வரிசையாக... உள்ளங்கையை விரித்துக்கொண்டு.

எனக்குச் சிரிப்பும் பெருமையும். பயலின் மிக்ஸிங் அப்படி! அருள் பக்கம் திரும்பினேன். அவன் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக, நனையாமலே உள்ளே வந்தன. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எல்லோர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிடுங்கவில்லை. திருச்சுழி வரை ஆல்பம் முழுசாக ஓடியது.

இறங்குகிற நேரத்தில் ஷட்டரை இறக்கிய அக்கா, யார் பாட்டு என்று விசாரித்துக்கொண்டு அருளிடம் வந்தார்.

"நல்லாப் பாடிருக்கய்யா. அந்த மழைய மட்டும் எடுத்துரு. வெதச்சுப்புட்டு உக்காந்துருக்கோம்ல... வயிறு எரியுது."

அருள் தலையை ஆட்டினான். அன்றைக்கே அந்த மழையை வெட்டிவிட்டான். கடைக்கும் போகவில்லை. நெட்டில் ஏற்றியபோது, என்ன பாட்டு மொட்டையாக ஆரம்பிக்கிறது என்று கேட்டார்கள். அவன் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

இப்போது, அருள் மாதிரி சினிமாவும் கம்பெனியும் இல்லாமல் சொந்தமாகப் போடுகிற புது இண்டி ஆல்பங்களைத் தேடித் தேடிக் கேட்கிறேன். கேட்டதையெல்லாம் இந்தப் பத்தியில் எழுதி உங்கள் கழுத்தையும் அறுக்கிறேன். சவுண்டு அவ்வளவு சுத்தம். நம் பக்கத்துப் பேச்சிலேயே எழுதிப் பாடுகிற பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், அதுக்கு ஒரு கும்பிடு. ஆனால் நிறைய பாட்டு காதுக்குள் ரகசியம் பேசிவிட்டுப் போய்விடுகிறது... வெளியாள் ஒருத்தருக்காவது போட்டுக் காட்டினார்களா என்று சந்தேகமாக இருக்கும்.

போன மாசம் அருளின் புது ஆல்பம் வந்தது. சென்னையில் பெரிய ஸ்டுடியோவில் செய்தது. திருச்சுழி பஸ்ஸில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டேன். நடுவில் ஒரு பாட்டில் மழை. அருமையான மழை. சுற்றிப் பார்த்தேன். பஸ்ஸில் பொதுவாகப் பாட்டு போடுவதே நின்றுவிட்டது. அவரவர் காதில் அவரவர் பாட்டு.

இறங்கியதும் அவனுக்குப் போன் போட்டு, நல்லாயிருக்கு என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவனுக்குப் பத்தவில்லை.

"நீ சொல்லுறது கெடக்கட்டும்லே. பஸ்ஸு என்ன சொல்லுது?"

"பஸ்ஸு இப்ப ஒண்ணும் சொல்றதில்லைலே" என்றேன்.