பூட்டாத பூட்டு

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் வேலை பார்த்த, மலையிலுள்ள கரியாலூர்ப் பெண்ணைச் சண்டை போட்டு அனுப்பிய பிறகு, கம்ப்யூட்டரில் அவள் வைத்திருந்த ஃபைல்கள் திறக்கவில்லை. அனுமதி இல்லை என்றே வந்தது. மலைப் பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பங்கள் அதில் இருந்தன. கடைசித் தேதி மறுநாள். அவள் பூட்டிவிட்டுப் போய்விட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

சரிசெய்ய வந்தவர் ஒல்லியானவர், காதோரம் நரைத்தவர். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மவுஸிலிருந்து கையை எடுத்து, "தொறக்கலாங்களா?" என்று கேட்டார்.

"அந்தப் பொண்ணு பண்ண வேலைங்க" என்றேன்.

"அது இன்னா பண்ணுச்சு? அது பேர்ல இருந்த யூசர் அக்கவுண்ட்ட யாரு அழிச்சது?"

"நான்தாங்க. கோவத்துல."

"ஃபைலுங்க இன்னும் அந்த யூசருக்குத்தான் சொந்தம். ஆளத் தொரத்திட்டீங்க, கம்ப்யூட்டரு அதையே கேட்டுக்கினு கீது."

அட்மின் உரிமையில் எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றினார். கிளம்பும்போது, "டீக்கடையிலயே சொன்னாங்க, ஒரு பொண்ணு பூட்டிட்டுப் போச்சுன்னு" என்றார். குரலில் கோபமில்லை. எதற்காகச் சொன்னாரென்று இன்னும் யோசிக்கிறேன்.

மறுநாள் விண்ணப்பங்களை அனுப்பினேன். ஒரு பிள்ளையின் அப்பா, "பூட்டிட்டுப் போனவ நல்லா இருப்பாளா?" என்றார். நான் ரசீதை எடுத்துக் கொடுத்தேன்.