கைக்குக் கை வாங்காத அரிவாள்

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவில், மல்வேர்ன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கத்திக்குப் பஞ்சம் இருக்கவில்லை. வெட்டுகிற கத்திக்குத்தான் பஞ்சம். டொலர் கடையில் வாங்கிய கத்தி தக்காளியை நசுக்கும், பூசணியில் வழுக்கும், ஆட்டிறைச்சியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிடும். அந்த வீடுகளின் சமையலைக் காப்பாற்றியவர் வீரக்குட்டி. கிழமை நாட்களில் பிளாஸ்டிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறில் தன் வீட்டுக் கராஜில், பழைய சாமான் விற்ற ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய மின்சாரச் சாணைக்கல்லுக்கு முன்னால் நிற்பார்.

நிற்பார் என்றுதான் சொல்லவேண்டும். அவரால் குனிய முடியாது. மட்டக்களப்புக்கு மேற்கே வயல் செய்த மனிதர். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் ஊர் கலைந்து ஓடியபோது ட்ரக்டர் பெட்டியிலிருந்து விழுந்து முதுகை உடைத்துக்கொண்டார். உயிர் பிழைத்தார், கனடாவும் வந்து சேர்ந்தார், ஆனால் முதுகு வளைய மறுத்துவிட்டது. பனிக்காலத்தில் அவருடைய சப்பாத்துக் கயிற்றை மனைவி மனோரஞ்சிதம்தான் கட்டிவிடுவார். ஒவ்வொரு தடவையும் வீரக்குட்டி நன்றி சொல்வார். "கட்டின பொண்டாட்டிக்கு என்னத்துக்கு இந்தத் தாங்ஸ்?" என்று மனோரஞ்சிதம் சினப்பார். என்ன செய்வது, நன்றி சொல்வதில் மனிதர் கொஞ்சம் ஊதாரி. பஸ் சாரதிக்குச் சொல்வார், பனி அள்ளுகிற வண்டிக்குக் கை காட்டிச் சொல்வார், அறையைச் சூடாக்குகிற இயந்திரம் உறுமத் தொடங்கினால் அதற்கும் சொல்வார்.

கத்திகளிடமும் அப்படித்தான். எவ்வளவு மலிவான கத்தியானாலும் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் தீட்டத் தொடங்குவார். இன்னொரு வழக்கமும் உண்டு. வெட்டிரும்பை யாருடைய கையிலிருந்தும் நேரே வாங்கமாட்டார். வாங்கினால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். தமிழ்ச் சனம் அதற்கு விளக்கம் கேட்காது. கத்தியை மேசையில் வைப்பார்கள், அவர் எடுத்துக்கொள்வார்.

மனோரஞ்சிதத்துக்கு வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேக்கரியில் வேலை. அங்கே கறுத்தப் பாண் வாங்க வருகிறவர்களில் ஹன்னா என்ற போலந்துக்காரப் பெண்மணியும் ஒருவர். எழுபது வயதைத் தாண்டியவர். கணவர் அதற்கு முந்தின பனிக்காலத்தில்தான் இறந்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் சரிவான காணி, அதில் நாலைந்து அப்பிள் மரங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த நீண்ட பிடிபோட்ட பெரிய அரிவாளால் அந்த மரங்களுக்குக் கீழே வளரும் புல்லைக் கணவர் ஒவ்வொரு கோடையும் வெட்டுவாராம். இப்போது புல் இடுப்பளவு நிற்கிறது, அரிவாள் துருப்பிடித்துக் கிடக்கிறது. மெஷின் வைத்து வெட்டித் தருகிறோம் என்று பலபேர் வந்தார்களாம். ஹன்னாவுக்கு மனமில்லை. கணவரின் அரிவாளால் அந்தப் புல் இன்னொரு தடவை விழவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கேட்டுக்கொண்டு நின்ற மனோரஞ்சிதம், "என்ட மனுசன் எந்தக் கத்தியையும் தீட்டித் தருவார்" என்பதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கணவனும் மனைவியும் ஹன்னா வீட்டுக்குப் போனார்கள். பின்வாசலில் ஹன்னா காத்து நின்றார். ஒரு கையில் அரிவாள், மற்றக் கக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அரிவாளை நீட்டினார். வீரக்குட்டி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டி, நாடியால் நிலத்தைக் காட்டினார். ஹன்னாவின் முகம் சிவந்தது. பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து அரிவாளை நிலத்தில் வைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். மனோரஞ்சிதம்தான் அதைக் குனிந்து எடுத்துச் சுவரில் சாத்தவேண்டியிருந்தது.

"ஏன் அந்த மனுசி முகத்தைக் கடுகடுப்பாக்கிற்றுப் போறா?" என்று மனோரஞ்சிதம் கேட்டார்.

"புருசன்ட நினைப்பு வந்திருக்கும். பாவம்" என்றார் வீரக்குட்டி.

அவ்வளவுதான் அவருக்கு விளங்கியது. அரிவாளோடு பஸ் ஏறத்தான் நினைத்தார். நல்லகாலம், பேக்கரிக்கு மா இறக்குகிற யாழ்ப்பாணத்து ஸ்ரீதரன் வழியில் கண்டு வானை நிறுத்தினார். "அண்ணை, உதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில ஏறினியள் எண்டால் மல்வேர்னுக்கு முதல் பொலிஸ் வந்து நிக்கும். வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்." வீரக்குட்டி அவருக்கும் அவருடைய வானுக்கும் சேர்த்து நன்றி சொன்னார்.

கராஜில் துருவைத் துடைத்ததும் அலகு பளிச்சென்று வந்தது. கண்ணில் ஒற்றினார். சாணைக்கல்லை முடுக்கி, எல்லாக் கத்திக்கும் செய்வதுபோல விளிம்பைக் கொடுத்தார். பொறி பறந்தது. சமையல் கத்தியின் தடிப்புக்குப் பழகிய கை அது. இந்த அலகோ விளிம்பில் கடதாசி அளவுக்கு மெல்லியது. கண் மூடித் திறப்பதற்குள் இரும்பு மஞ்சளித்து, பிறகு நீலம் பாய்ந்தது. வீரக்குட்டி சாணைக்கல்லை நிறுத்தினார். நீலம் பாய்ந்த இரும்புக்குப் பதம் போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். இனி எவ்வளவு தீட்டினாலும் அதில் கூர் நிற்காது. இறந்த மனிதர் கடல் தாண்டிக் கொண்டுவந்த அரிவாள், இவருடைய கையில் கருகிப் போயிற்று.

அன்று பின்னேரம் அவர் சாப்பிடவில்லை.

"பழைய இரும்பு, சரிவராது எண்டு சொல்லுவமா?" என்று கடைசியில் மனைவியிடம் கேட்டார்.

மனோரஞ்சிதம் ஒத்துக்கொள்ளவில்லை. வாக்குக் கொடுத்தவர் அவரல்லவா. "பாண் குடுக்கிற கையால நான் அந்த மனுசிக்குப் பொய்யும் குடுக்க ஏலாது. நான்தான் பெருமை பேசினன். வாங்க, ஸ்ரீதரன்ட வான்ல ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவம்."

போனார்கள். இந்தத் தடவை மனோரஞ்சிதம் அரிவாளை முற்றத்து மேசையில் வைத்தார். வீரக்குட்டி நீலத்தைத் தொட்டுக் காட்டி, தன்னுடைய பிழை என்றார். அவருடைய ஆங்கிலமும் ஹன்னாவின் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. என்றாலும் பிழை என்ற சொல் விளங்கிவிட்டது. ஹன்னா பெருவிரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. ஏசப்போகிறார் என்று வீரக்குட்டி தலையைக் குனிந்து நின்றார். ஹன்னா ஏசவில்லை. அவர் கேட்டது வேறொன்று: அன்றைக்கு ஏன் என் கையிலிருந்து வாங்கவில்லை, என்னுடைய கை அழுக்கா?

வீரக்குட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசையில் கிடந்த கரண்டியைக் கத்தியாக்கி, ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக் காட்டினார். பிறகு இரண்டு கைகளையும் பொத்தி ஒன்றோடொன்று முட்டவைத்தார். உங்களோடு எனக்குச் சண்டை வரக்கூடாது என்றுதான், என்று எப்படியோ சொல்லி முடித்தார். மனோரஞ்சிதம் பக்கத்தில் நின்று ஓம், ஓம் என்று தலையாட்டினார்.

ஹன்னா படியில் இருந்துவிட்டார். சிரிக்கத் தொடங்கினார், சிரித்துச் சிரித்து அழுதார். பிறகு உள்ளே போய் அந்த மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு சின்னச் சுத்தியல், உள்ளங்கையளவு பட்டறைக்கல், நீளமான தீட்டுக்கல், அதை நனைத்து வைக்க ஒரு மாட்டுக் கொம்பு. இந்த அரிவாளைச் சாணையில் பிடிப்பதில்லையாம். சூடு காட்டாமல், பச்சை இரும்பாகவே விளிம்பைத் தட்டித் தட்டி மெல்லிசாக்கி, பிறகு ஈரக்கல்லால் தீட்டுவதாம். அதைச் சொல்லத்தான் அன்றைக்குப் பெட்டியோடு வந்து நின்றாராம். என் கையையே விரும்பாதவருக்குப் பெட்டி எதற்கு என்று திருப்பிக் கொண்டுபோய்விட்டாராம். சண்டை வராமலிருக்க வீரக்குட்டி காத்த வழக்கம்தான் இத்தனைக்கும் வழி வைத்தது.

கருகிய விளிம்பை அரத்தால் கையாலேயே அராவி எடுத்தார் வீரக்குட்டி. அலகு ஒரு நகத்தளவு ஒடுங்கியது. மிச்சம் நல்ல இரும்பு. அவர் குனியத் தேவையில்லாமல் பட்டறைக்கல்லை உயரமான மேசையில் பூட்டினார்கள். எப்படித் தட்டுவது என்று ஹன்னாவுக்கும் தெரியாது, சத்தம் மட்டும்தான் தெரியும். கோடை முழுக்கக் குசினி யன்னலுக்குள்ளால் கேட்ட சத்தம் அல்லவா. ஆகவே வீரக்குட்டி முற்றத்தில் தட்டுவார். ஹன்னா குசினியில் கிழங்கு சீவிக்கொண்டே கேட்பார். பலமாகத் தட்டினால் யன்னல் கண்ணாடியில் விரலால் டொக்கென்று ஒரு அடி வரும். விளிம்பு சேலைக் கரைபோலச் சுருங்கிப் போன ஞாயிறும் உண்டு. அதை நிமிர்த்தி மறுபடி தட்டினார். ஒரு நாள் வெகுநேரமாக யன்னலில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், ஹன்னா கிழங்கைக் கையில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். வீரக்குட்டி அதே தாளத்தில் விளிம்பு முடியும்வரை தட்டினார்.

புல் வெட்டுகிற காலை பனி ஈரம் காயவில்லை. வெட்டவேண்டியதும் நீதான் என்று ஹன்னா சொன்னபோது வீரக்குட்டி பின்வாங்கினார். புல் வெட்டுவதென்றால் அவருக்குத் தெரிந்தது குட்டைப் பிடி போட்ட தாக்கத்தி, தாக்கத்தி என்றால் முதுகு வளையவேண்டும். மனோரஞ்சிதம் அரிவாளின் பிடியை அவருக்குப் பக்கத்தில் நிமிர்த்திக் காட்டினார். பிடி கிட்டத்தட்ட அவருடைய உயரம்.

முதல் வீச்சில் அலகின் நுனி மண்ணில் குத்தியது. இரண்டாவதில் பாதிப் புல் படுத்துவிட்டு எழும்பியது. ஹன்னா தன் இடுப்பைத் திருப்பிக் காட்டினார்: கையால் அல்ல, இப்படி. வீரக்குட்டி காலை அகட்டி நின்று இடுப்பைத் திருப்பினார். சர்ரென்று ஒரு சத்தம். அரைவட்டமாகப் புல் விழுந்து ஒரு பக்கமாகச் சேர்ந்தது. இன்னொரு வீச்சு, இன்னொரு அடி முன்னுக்கு. அப்பிள் மரம்வரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்ன, முதுகு நோகுதா?" மனோரஞ்சிதம் ஓடிவந்தார்.

"இல்ல, மனோ. நான் நிமிந்து நிண்டு வெட்டுறன்." அரிவாளின் பிடியைத் தன் தோளோடு நிமிர்த்திக் காட்டினார். "நிமிந்து நிண்டே வெட்டுறன், பாத்தியா?"

முதுகு உடைந்த நாளிலிருந்து தன்னால் இனி ஏலாது என்று எத்தனையோ காரியங்களை அவர் ஒதுக்கிவைத்திருந்தார். ஒன்று திரும்பி வந்துவிட்டது. நன்றி சொல்லியே பழகிய வாய்க்கு அன்றைக்குச் சொல் கிடைக்கவில்லை. மிச்சப் புல்லையும் வெட்டி முடித்து, அலகைப் புல்லாலேயே துடைத்து, ஈரக் கல்லால் ஒரு தடவை தீட்டி, அரிவாளை மேசையில் வைத்தார்.

ஹன்னா வெட்டிய புல்லின் மேல் மெல்ல நடந்து ஒவ்வொரு மரமாகத் தொட்டுவிட்டு வந்தார். அரிவாளைக் கையில் எடுத்தார். இது இனி உன்னுடையது என்றார். வருடம் ஒருமுறை என்னுடைய புல்லுக்கு வா, அது போதும். சொல்லிவிட்டு, பழக்கத்தில் அதை நீட்டப்போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நிலத்தில் வைத்தால் வீரக்குட்டியால் குனிய முடியாது என்பதும் அவருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். பக்கத்து அப்பிள் மரத்தில், வீரக்குட்டியின் கைக்கு எட்டுகிற உயரத்தில் பிடி வரும்படி அரிவாளைச் சாய்த்து வைத்தார். இரண்டடி பின்னுக்குப் போனார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அன்றைக்கு அவர் நின்ற மாதிரியே நின்றார்.

வீரக்குட்டி போய் அரிவாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.