பத்து இலையும் ஒரு பூசணியும்: பிக்கரிங் பண்ணைக்குப் போன ஒரு சனிக்கிழமை

இலையுதிர்காலத்தில் அதிகம் செலவில்லாமல் பிள்ளைகளுடன் வீட்டில் என்ன செய்யலாம் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் இளம் பெற்றோர் சிலர் கேட்டிருந்தார்கள். கைவேலையில் நான் கெட்டிக்காரன் அல்ல. எனக்குத் தெரிந்த மூன்று நான்கு வேலைகளையும் 1995 ஒக்ரோபரில் ஒரு சனி ஞாயிறுக்குள் கற்றுக்கொண்டேன். அதற்காக ஸ்காபரோவிலிருந்து பிக்கரிங்குக்கு வடக்கே ஒரு பண்ணை வரைக்கும் போய்வந்தோம். ஆகவே இது பாதி பயணக் கட்டுரை, பாதி கைவேலைக் குறிப்பு.

அப்போது நாங்கள் லோரன்ஸ் வீதிப் பக்கத்தில், எட்டாம் மாடியில், ஓர் அறை வீட்டில் இருந்தோம். நாங்கள் என்றால் நான், மனைவி சுமதி, ஆறரை வயது மகள் ஆரணி. நான் 1990இல் தனியாகக் கனடா வந்தபோது ஆரணிக்குப் பத்து மாதம். பிறகு அவர்கள் இருவரும் யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரரின் போனுக்கு நான் எடுப்பேன். மூன்று வயதிலிருந்தே ஆரணிதான் ஓடிவந்து தூக்குவாள். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான், “ஹலோ, ஆர் கதைக்கிறது?” என்பேன். “ஆரணி கதைக்கிறன். அங்கை ஆர்?” என்பாள். “அப்பா கதைக்கிறன்” என்பேன். “எங்கையிருந்து?” என்பாள். “கனடாவிலையிருந்து.” இது முடியாமல் வேறு கதை தொடங்காது.

1995 யூலையில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் ஆரணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தாயின் சட்டைக்குப் பின்னால் போய்விட்டாள். அன்று தொடங்கி மூன்று மாதம் என் முகத்துக்கு நேரே ஒரு சொல் பேசவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் தாயிடம், “அவரைக் கேளுங்கோ” என்பாள். எனக்குப் பின்னேரம் மூன்று மணி தொடக்கம் பதினொரு மணி வரை தொழிற்சாலை வேலை. ஆறரை மணி இடைவேளையில் வீட்டுக்கு போன் எடுத்தால் அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடந்ததெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வாள். சனிக்கிழமை பக்கத்தில் போய் இருந்தால் எழும்பி அறைக்குள் போய்விடுவாள். சுமதி, காலம் எடுக்கும், விடுங்கோ என்று சொல்வாள். நானும் சரியென்று தலையாட்டுவேன். ஆனால் அறைக் கதவு சாத்தும் சத்தம் ஒவ்வொரு முறையும் என்னை என்னவோ செய்யும்.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்து விதமான இலைகள் பொறுக்கி, பெற்றோருடன் சேர்ந்து ஏதாவது செய்து, திங்கட்கிழமை கொண்டுவர வேண்டுமாம். எங்கள் மாடிக் கட்டடத்தைச் சுற்றி இரண்டு வகை மரம்தான் நின்றது. வேலையிடத்தில் விசாரித்தேன். பிக்கரிங்கில் வீடு வாங்கிப் போன ஒருவர், நகரத்துக்கு வடக்கே பூசணி விற்கும் ஒரு பண்ணை இருக்கிறது, பக்கத்திலேயே காடு, உள்ளே போகக் காசில்லை என்றார். இங்கே ஒக்ரோபர் இரண்டாம் திங்களில் வரும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு அடுத்த சனிக்கிழமை புறப்பட்டோம்.

எங்களிடம் கார் இல்லை. காலை 9.40க்கு பஸ் எடுத்து கில்ட்வுட் ரெயில் நிலையத்துக்குப் போனோம். பதினைந்து நிமிடம். அங்கிருந்து 10.20க்குப் போல ரெயில். பிக்கரிங்குக்குக் கால் மணிநேரம்தான், ஆனால் வழியில் ஏரி தண்டவாளத்தோடு ஒட்டி வரும். வலப்பக்க யன்னலில் இருங்கள். போக மட்டும் மூவருக்கும் ரெயிலுக்கு எட்டு டொலர் வந்தது என்று ஞாபகம். (இப்போது நிச்சயமாகக் கூடுதலாக இருக்கும்.) ஆரணி தாயின் மடியில் இருந்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பக்கத்து இருக்கையை நான் அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தேன். அது சும்மா கிடந்தது.

பிக்கரிங் நிலையத்திலிருந்து பண்ணை பன்னிரண்டு கிலோமீற்றர். பஸ் இல்லை. வாசலில் நின்ற ரக்சிக்காரர் எங்களைக் கண்டதும், “தமிழோ?” என்று கேட்டார். “ஓம் அண்ணை.” அவர் பெயர் மரியதாசன், மன்னார்க்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். இலை பொறுக்கப் போகிறோம் என்றதும் சிரிக்கவில்லை. தன் வீட்டில் ஒவ்வொரு வருடமும் இது நடக்கும் என்றார். பிளாஸ்ரிக் பைக்குள் போட்டால் இலை வேர்த்துக் கறுத்துவிடும் என்று சொல்லி, காருக்குள் கிடந்த மரக்கறிக் கடைக் காகிதப் பைகள் இரண்டைத் தந்தார். மெழுகுத்தாளுக்குள் வைத்து அயன் பண்ணும் விதத்தையும் வழியில் சொன்னார். பதினெட்டு டொலர். மூன்றரைக்கு இதே இடத்தில் வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பண்ணை நான் நினைத்ததைவிடப் பெரியது. முன்னால் ஒரு கொட்டகை, அதில் பூசணிக்காய்களும் அப்பிள் கூடைகளும். இடப்பக்கம் ஆளுக்கு மேல் உயர்ந்து காய்ந்து நின்ற சோள வயல். அதற்கு அப்பால் காடு. அந்த நிறத்தை எழுதப் போனால் எல்லோரும் எழுதுவது மாதிரியே வரும். சுமதி சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று மட்டும் சொல்கிறேன்.

பதினொன்றரை முதல் ஒன்றரை வரை பொறுக்கினோம். நான் ஒரு பக்கம், தாயும் மகளும் ஒரு பக்கம். நான் ஒரு கிழிசல், ஒரு புள்ளி இல்லாத சிவப்பு மேப்பிள் இலைகளாகத் தேடித் தேடி எடுத்தேன். வகுப்பிலேயே வடிவான இலைகள் என் மகளுடையதாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கொண்டுபோன இடியப்பத்தையும் சம்பலையும் சாப்பிட்ட பிறகு சுமதி பூசணி வாங்கக் கொட்டகைக்குப் போனாள். அங்கே நீண்ட வரிசை. நானும் ஆரணியும் காட்டோரத்தில் தனியே நின்றோம்.

அவளுடைய பையைத் திறந்து பார்த்தேன். முழுக்க ஓட்டை விழுந்த இலைகள். பழுப்பு, மண்ணிறம், பாதி தின்னப்பட்டவை. இதையா கொண்டுபோய்க் காட்டுவாய் என்று கேட்டுக்கொண்டே பையைத் தலைகீழாகக் கொட்டிவிட்டு என்னுடைய சிவப்பு இலைகளை உள்ளே அடுக்கத் தொடங்கினேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது ஆரணி இல்லை.

முதலில் மரங்களுக்குப் பின்னால் பார்த்தேன். பிறகு சோள வயலின் ஓரத்தில் இரண்டு தட்டைகள் ஆடுவதைக் கண்டேன். ஓடிப்போய் அதற்குள் நுழைந்தேன். சோள வயலுக்குள் போனவர்களுக்குத் தெரியும், நாலடி தள்ளி நிற்பவரைக்கூடக் காண முடியாது. காற்றுக்குக் காய்ந்த இலைகள் உரசுகிற சத்தத்தில் யார் எங்கே நடக்கிறார்கள் என்றும் தெரியாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதிலில்லை. கெஞ்சினேன், அதட்டினேன். பதிலில்லை. பத்து நிமிடம் இருக்கும். எனக்கு மூன்று மாதமாக நேரில் பதில் சொல்லாத பிள்ளை இப்போது மட்டும் ஏன் சொல்லப்போகிறாள்? சுமதியைக் கூட்டிவந்தால் தாயின் குரலுக்கு வந்துவிடுவாள் என்று தெரியும். ஆனால் கொட்டகைக்குப் போய் வருவதற்குள் பிள்ளை இன்னும் உள்ளே போய்விட்டால்? வயல் வேறு எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியவில்லை. நின்றுவிட்டேன்.

என்ன நினைத்துச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வாயில் வந்தது.

“ஹலோ, ஆர் கதைக்கிறது?”

சோளம் உரசிக்கொண்டே இருந்தது. பிறகு வலப்பக்கத்தில், நான் நினைத்ததைவிடக் கிட்டத்தில், சின்னக் குரல்.

“ஆரணி கதைக்கிறன். அங்கை ஆர்?”

“அப்பா கதைக்கிறன்.”

“எங்கையிருந்து?”

“சோளத்துக்குள்ளையிருந்து.”

பக்கத்தில் ஒரு தட்டை அசைந்தது. சிரித்தாளோ என்னவோ. கதைத்துக்கொண்டிரு பிள்ளை, சத்தத்தைப் பிடித்து வருகிறேன் என்றேன். “என்ரை இலையை ஏன் கொட்டினனீங்கள்?” என்று கேட்டாள். ஓட்டையாய் இருந்தது என்றேன். “அது புழு சாப்பிட்டது. நல்ல இலையெண்டபடியாத்தானே சாப்பிட்டது?”

பிழைதான், மன்னித்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே தட்டைகளை விலக்கினேன். மண்ணில் குந்தியிருந்தாள். கன்னத்தில் சோள இலை கீறிய கோடு. நான் கையை நீட்டவில்லை, பயமாக இருந்தது. அவளே எழும்பி என் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே வெளியே வந்தோம். காட்டோரத்தில் முழங்காலில் நின்று, கொட்டிய இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். எது அவளுடையது, எது அங்கே தானாக விழுந்தது என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. சுமதி பூசணியோடு வந்தபோது முழுக்கதையையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. பூசணியை என் கையில் தந்துவிட்டு அங்கேயே புல்லில் இருந்து அழுதாள்.

பூசணி மூன்று டொலர். கொட்டகைக்காரப் பெண் சோளப்பொத்திகளை உரித்த காய்ந்த மடல்களை ஒரு கட்டுச் சும்மா தந்தார். ஆறு மணிக்கு வீட்டில் நின்றோம்.

இனிக் கைவேலை. ஞாயிறு முழுக்கச் சாப்பாட்டு மேசையில் செய்தோம்.

இலைகளை ஓரிரவு தடித்த தொலைபேசிப் புத்தகத்துக்குள் வைத்து அமத்துங்கள். இரண்டு மெழுகுத்தாளுக்கு நடுவில் அடுக்கி, மேலே ஒரு பழைய துணி போட்டு, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் அயன் பெட்டியைப் பத்துப் பத்து விநாடியாக வையுங்கள். அயன் பண்ணுவது பெரியவர் வேலை. நான் சூட்டைக் கூட்டி என்னுடைய சிவப்பு இலைகள் மூன்றை மண்ணிறமாக்கினேன். கிறேயோன் மெழுகு வர்ணக் குச்சியைச் சீவி இலைகளுக்கு நடுவில் தூவினால் உருகி நிறம் ஓடும். யன்னலில் ஒட்டியபோது ஆரணியின் இலைகளில் புழு தின்ற ஓட்டை ஒவ்வொன்றிலும் வெயில் விழுந்தது. அவள் அதையெல்லாம் எண்ணினாள். நாற்பத்தொன்று.

இரண்டாவது இன்னும் லேசு. நரம்பு புடைத்த பக்கம் மேலே இருக்க இலையை வைத்து, அதன்மேல் வெள்ளைத்தாள் போட்டு, கிறேயோனைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் செய்யும்.

சோள மடலைப் பத்து நிமிடம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் துணிபோல வளையும். நாலைந்தைச் சேர்த்து மேலே நூலால் கட்டி, அந்தக் கட்டு உள்ளே மறைய மடல்களைக் கீழே மடித்துப்போட்டுக் கழுத்துக்கு ஒரு கட்டு, இடுப்புக்கு ஒரு கட்டு. பொம்மை ஆகிவிடும். காயவிட்ட பிறகு முகம் கீறலாம். பூசணி விதையைக் கழுவித் துணியில் நன்றாக உலர்த்தி, எண்ணெய், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் பிரட்டி, 325 பாகை (பரனைட்) சூட்டில் அவன் அடுப்பில் இருபது இருபத்தைந்து நிமிடம். இடையில் ஒருக்காக் கிளறுங்கள். ஹலோவீனுக்கு முகம் வெட்டும் பெரிய பூசணி கறிக்குத் தண்ணீராகத்தான் இருக்கும். கறிக்கென்றால் சின்னது வாங்குங்கள்.

அன்று ஆரணி எல்லாக் கதையும் என்னோடு கதைத்தாள் என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. “நூலைப் பிடியுங்கோ”, “உதிலை இல்லை, இஞ்சை” என்று நாலைந்து சொல்தான். ஆனால் என்னிடம் சொன்னாள். தாய் மூலமாக இல்லை. அறைக்கதவு அன்று முழுக்கத் திறந்தே கிடந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில சொல். ஒக்ரோபர் இரண்டாம் மூன்றாம் கிழமைதான் நேரம். பெருமழை ஒன்று பெய்தால் முடிந்தது. விழுந்த இலையை மட்டும் எடுங்கள், மரத்தில் முறிக்க வேண்டாம். மூன்று மூன்றாக இலை விட்ட கொடியைத் தொட்டால் தோல் கடித்துக் கொப்புளம் போடும். நீளக் காற்சட்டை போட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காகிதப் பை, தண்ணீர், மாற்றுக் காலுறை. பண்ணைக்குப் போகமுதல் போன் எடுத்து விசாரியுங்கள். நாங்கள் போன இடத்தில் இன்று வீடுகள் நிற்கின்றன. அஜக்ஸ், மார்க்கம் பக்கம் இன்னும் சில இருக்கின்றன. கார் இல்லாதவர்கள் திரும்பி வரும் ரக்சியை முதலே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இலைக் காலம் இரண்டு கிழமைதான், அதற்காக வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டாம். அடுத்த வருடம் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெளியே மைனஸ் பதினைந்து. நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஆரணி குளிர் அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வந்து முன்னால் நின்றாள்.

“இண்டைக்கு எங்கை போறம், அப்பா?”

இந்தக் குளிருக்குள் பொறுக்க ஒன்றும் இல்லையே என்றேன்.

“ஒண்டும் பொறுக்க வேண்டாம்.”

கீழே இறங்கி முதலில் வந்த பஸ்ஸில் ஏறினோம். முன் இருக்கையில் இருவரும் இருந்து, அது போகிற கடைசித் தரிப்பு வரை போனோம். அங்கே ஏழு நிமிடம் பஸ் நின்றது. எங்கே போகவேண்டும் என்று சாரதி கேட்டார். எங்கேயும் இல்லை, சும்மா வந்தோம் என்றேன். அதே பஸ்ஸில் திரும்பினோம். ஒன்றேகால் மணிநேரம் ஆனது. வீட்டு வாசலில் சுமதி, என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள். இரண்டு பேரும் கையுறைகளைக் கழற்றி வெறுங்கையைக் காட்டினோம்.